பியானோ போகிற வழி

சாப்பாட்டு மேசையில், தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்த ஒரு போன். போன வாரக் கதையில் எல்லாரையும் அங்கேதான் விட்டுவிட்டு வந்தோம்.

போன் அத்தானுடையது. அதற்குள் இருந்தது ஊரே காசில்லாமல் பேசிக்கொண்டிருக்கிற ஏஐ சாட்பாட். அத்தான் ஒரு வீட்டின் அறைகளைப் படம் எடுத்து அதற்கு அனுப்பினார். கட்டில் இத்தனை, பீரோ இத்தனை, இந்த அளவு லாரி போதும், கண்ணாடிச் சாமானைக் கடைசியில் ஏற்றுங்கள் என்று மளமளவென்று சொல்லிவிட்டது. அவருடைய மைத்துனி சின்னவள் வேலையை விட்டுவிட்டு, மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த ஆப்பும் அதே படங்களைப் பார்த்து அதையேதான் சொன்னது.

"பின்னே? உன் ஆப்புக்குள்ளே உட்கார்ந்திருக்கிறதும் இதே வாத்தியார்தானே?" என்று சிரித்தார் அத்தான். சாட்பாட்டுக்கு அவர் வைத்திருக்கிற பெயர் வாத்தியார். "நீ அவருக்கு மேல ஒரு சட்டை தைச்சுப் போட்டிருக்கே. எனக்கு அவர் சட்டை போடாமலே பேசுறார்."

சின்னவளுக்குப் பதில் வரவில்லை. தட்டில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவளின் அக்காதான் பேசினாள். வீடு மாற்றிக் கொடுக்கிற கம்பெனி அவளுடையது. மூன்று மஞ்சள் லாரிகளுக்கும், அதில் ஒன்றை ஓட்டுகிற அத்தானுக்கும் அவள்தான் மேனேஜர்.

"வாய்ச்சண்டை போதும். ஞாயித்துக்கிழமை மியூசிக் ஸ்கூலை மாத்துறோம். வாத்தியாரும் பிளான் போடட்டும், ஆப்பும் பிளான் போடட்டும். வேலை முடியறப்போ யாருக்கு என்ன மதிப்புன்னு தெரிஞ்சிடும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை இன்றைக்குத்தான்.

* * *

லாரி ஷெட்டில் ஆட்கள் கம்பளிகளை உதறி மடித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் விடிந்ததிலிருந்து மூன்று தடவை போனை எடுத்து, மூன்று தடவையும் பாக்கெட்டில் போட்டுவிட்டாள்.

போனில் பழைய ஆபீஸிலிருந்து ஒரு செய்தி இருந்தது. 'உன் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கு. இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் என்னால் பிடிச்சு வைக்க முடியும்.' அதற்குக் கீழே சின்னவள் 'வரேன்' என்று அடித்து வைத்திருந்தாள். இன்னும் அனுப்பவில்லை.

இன்று ஆப் ஜெயித்தால் அந்த வார்த்தையை அழித்துவிடுவாள். தோற்றால் அனுப்பிவிடுவாள். அவளுக்குள் கணக்கு அவ்வளவு சுருக்கமாக இருந்தது.

"அக்கா, இங்கே பாரேன்! நேத்து சாயங்காலம் உட்கார்ந்து சுத்தம் பண்ணிட்டேன். எப்படி இருக்கு?"

அக்கா எட்டிப் பார்த்தாள். திரை பளிச்சென்று இருந்தது. மூன்றே கேள்வி. பொருட்களின் படத்தைக் கொடுத்தால் பட்டென்று பிளான்.

"நல்லாத்தான் இருக்கு. முன்னாடி நிறையக் கேட்டுட்டே இருக்குமே?"

"அதையெல்லாம் எடுத்துட்டேன்க்கா. நீல லாரிக்காரர் பார்க்க வர்றார்ல? அழகா இருக்கணும்ல?"

"ஏய் நெட்டை! அந்த பெல்ட்டை மிதிக்காதேடா!" என்று ஆட்களில் ஒருவனை அதட்டிக்கொண்டே அக்கா வேறு பக்கம் ஓடிவிட்டாள்.

சின்னவள் எடுத்துவிட்டது எதை என்று அக்கா கவனிக்கவில்லை. நாம் தெரிந்துகொண்டு விடலாம்.

புது வாடிக்கையாளர் யார் போன் செய்தாலும் அக்கா ஒரே கூச்சல்தான் போடுவாள். "சாமானை அப்புறம் பார்த்துக்கலாம். போற வழியைப் படம் எடுங்க! புது வீட்டுப் படிக்கட்டு, திரும்புற இடம், லிஃப்ட் கதவு, ஒவ்வொரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்குன்னு எல்லாம் வேணும்!" மரமும் மின்கம்பியும் குறுக்கே இருந்தால் கயிறு கட்டித் தூக்க முடியாது. அதற்காகத்தான் ஜன்னலுக்கு வெளியேயும். எல்லாருக்கும் சாமான் இருக்கிற பழைய வீட்டைப் படம் எடுக்கத்தான் தோன்றும். சாமான் போகப்போகிற இடம் ஞாபகமே வராது.

அக்காவின் தொண்டையைக் காப்பாற்றத்தான் சின்னவள் அந்தக் கேள்விகளை ஆப்பில் போட்டாள். வாடிக்கையாளரின் போனுக்கே அது நேராகப் போகும். படம் வரவில்லை என்றால் மறுபடி கேட்கும். மங்கலான படம் என்றால் திருப்பி அனுப்பும்.

"இதென்ன ஆப்பா, மாமியாரா?" என்று அத்தான் சிரித்தார். அன்றிலிருந்து ஆப்புக்கு மாமியார் என்றே பெயர். இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு "நச்சரிப்புத் தாங்கலை" என்று குறை சொன்னார்கள்.

ஆக, நேற்றுச் சாயங்காலம் சின்னவள் மாமியாரின் வாயைக் கட்டிவிட்டாள். ஒரு டிக் மார்க்கை எடுத்தாள், அவ்வளவுதான்.

* * *

நீல லாரிக்காரர் பழைய மியூசிக் ஸ்கூல் வாசலில் டீ டம்ளரோடு நின்றிருந்தார். ஊரில் இன்னொரு பெரிய கம்பெனி அவருடையது. ஆறு லாரி, ஆறும் நீலம். அக்காவுக்குத் தொழிலில் போட்டி, பேச்சில் அண்ணன்.

"என்ன தங்கச்சி, உன் தங்கச்சி என்னமோ மந்திரம் பண்றாளாமே?"

"பார்த்துட்டுச் சொல்லுங்கண்ணே. பிடிச்சிருந்தா உங்க லாரிக்கும் போட்டுக்கோங்க."

அதைக் கேட்டதும் சின்னவளுக்குக் காது சூடானது. வெளியிலிருந்து ஒரு ஆள், சொந்தக்காரர் இல்லாத ஒரு ஆள், அவள் செய்ததை வாங்கிக்கொண்டால்? அது போதுமே!

பழைய ஸ்கூல் தரைத்தளத்தில் இருந்தது. இரட்டைக் கதவு. வாசலில் படியே இல்லை. பியானோ டீச்சர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"பெரியவரைப் பார்த்து எடுங்க. அவருக்கு அடி பட்டா என்னால தாங்க முடியாது."

பெரியவர் என்றால் பியானோ. கறுப்பு கிராண்ட் பியானோ. ஆட்கள் மூடியைக் கழற்றி, மூன்று கால்களையும் கழற்றி, பெரியவரை ஒருக்களித்துப் பலகையில் சாய்த்து, கம்பளி சுற்றி பெல்ட் போட்டார்கள்.

"வாத்தியார் என்ன சொல்றார் தெரியுமா?" என்று அத்தான் போனை உயர்த்திக் காட்டினார். "பியானோவைக் கடைசியில ஏத்துங்க, அப்பத்தான் முதல்ல இறக்க முடியும்கிறார். மாமியார் என்ன சொல்றாங்க?"

சின்னவள் பார்த்தாள். ஆப் பியானோவை முதலில் ஏற்றச் சொல்லியிருந்தது. கனமானது முதலில் என்று அவளே எழுதி வைத்த விதி.

"வாத்தியார் சொல்றதுதான் சரி," என்றாள் மெதுவாக.

"கேட்டுக்கோங்கப்பா! வாத்தியார் ஒண்ணு, மாமியார் சைபர்!"

ஆட்கள் சிரித்தார்கள். நீல லாரிக்காரர் டீயை உறிஞ்சினார். சின்னவள் பாக்கெட்டுக்குள் போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

டீச்சர் சாவியோடு முன்னால் கிளம்பிப் போய்விட்டார். புது ஸ்கூல் நாலு தெரு தள்ளி, ஒரு பழைய கட்டடத்தின் மாடியில். லாரி கிளம்பியபோது வானம் கறுக்க ஆரம்பித்திருந்தது.

* * *

"தூக்கு! இன்னும் ஒரு படி! தூக்கு!"

கீழே முட்டுக் கொடுத்து அத்தான். மேலே பெல்ட்டைப் பிடித்து நெட்டை. பக்கவாட்டில் மூன்று பேர். பெரியவர் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக ஏறினார். சின்னவள் கீழே நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பாதி மாடியில் படிக்கட்டு திரும்பியது.

"திருப்பு! இடது பக்கம்! மெதுவா!"

டக்.

பலகையின் முன்முனை சுவரில் இடித்தது. பின்முனை இரும்புக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது.

"பின்னாடி வா!"

"வர முடியலண்ணே! கம்பி தடுக்குது!"

"நிமிர்த்திப் பாரு!"

"சீலிங் இடிக்குது!"

பெரியவர் திருப்பத்தில் அடைத்துக்கொண்டார். மேலே போக வழியில்லை. அவரைத் தாண்டி ஒரு பூனைகூட மாடிக்குப் போக முடியாது. மேல்பக்கம் இருந்த நெட்டையாலும் பெல்ட்டை விட்டு நகர முடியாது. மாடியில் டீச்சர் மட்டும் தனியாக.

"என்ன ஆச்சு?" என்று அவர் குரல் மேலிருந்து வந்தது. "சத்தம் கேட்டுச்சே! பெரியவருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை டீச்சர்!" என்று நெட்டை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

அக்கா படியில் ஏறிப் பார்த்தாள். திருப்பத்தை அளந்தாள். முகம் மாறியது.

"இந்தத் திருப்பத்தோட படம் எங்கே?" என்றாள். "ஆப்ல வந்திருக்குமே? யார் பார்த்தது?"

ஆட்கள் சின்னவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சின்னவளே?"

"நான்தான்க்கா அதை..." அவள் குரல் படிக்கட்டில் எதிரொலித்தது. "அந்தக் கேள்வியை நேத்து எடுத்துட்டேன். அதுக்கப்புறம்தான் டீச்சருக்கு ஆப்பை அனுப்பினேன், அது கேட்கவே இல்லை."

அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது. பின்னாலேயே வந்திருந்த நீல லாரிக்காரர் கையைக் கட்டிக்கொண்டார்.

"இருங்க, வாத்தியார் இருக்காரே," என்று அத்தான் ஒரு தோளில் பியானோவைத் தாங்கிக்கொண்டே, மறு கையால் போனை எடுத்துத் திருப்பத்தைப் படம் எடுத்தார். மூச்சு வாங்க வாயாலேயே கேட்டார். பதில் வந்தது. உரக்கப் படித்தார்.

"'வலுக்கட்டாயமாகத் தள்ளாதீர்கள். அளவைப் பார்த்தால் இந்தத் திருப்பத்தில் பியானோ திரும்ப வாய்ப்பில்லை. கட்டடத்துக்குள் போக வேறு வழி இருக்கிறதா என்று பாருங்கள்.'"

"சரியாத்தானே சொல்றார்?" என்றார் நீல லாரிக்காரர்.

"சரிதான்! ஆனா வேற வழி இருக்கான்னு என்னையே கேட்டா? நான் பியானோவைப் பார்க்கிறதா, வழியைப் பார்க்கிறதா?"

அக்கா டீச்சருக்குப் போன் போட்டாள். டீச்சரின் குரல் மாடியிலிருந்தும் போனிலிருந்துமாக இரண்டு தடவை கேட்டது.

"டீச்சர், மாடிக்கு வேற வழி ஏதாவது இருக்கா?"

"இல்லைங்க! இந்தப் படி ஒண்ணுதான்! வேற வழியே கிடையாது! ஐயோ, மழை வேற வரப்போகுதே!"

அக்கா போனை வைத்தாள். "வேற வழி இல்லையாம். கீழே இறக்கு. திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுபோவோம்."

அத்தனை வருஷமாகக் கூச்சல் போட்ட அக்காவுக்கே அந்த நேரத்தில் தன் கேள்வி மறந்துபோயிற்று. ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சின்னவள் ஏற்கெனவே ஆப்பைத் திறந்துவிட்டிருந்தாள். எடுத்த டிக் மார்க்கை மறுபடி போட்டாள்.

மாடியில் டீச்சர் போன் 'டிங்' என்றது.

"இதென்ன?" என்று டீச்சர் மேலிருந்து கேட்டார். "'படிக்கட்டின் மேல்முனையில் நின்று ஒரு படம்' வேணும்னு கேட்குதே? இப்பவா?"

"எடுங்க டீச்சர்! அது கேட்கிறதையெல்லாம் எடுங்க!" என்று சின்னவள் கத்தினாள்.

டிங். "'ஒவ்வொரு கதவையும் திறந்து வைத்து.'" டிங். "'மங்கலாக இருக்கிறது, மறுபடி எடுங்கள்.' அடக் கடவுளே, கை நடுங்குதும்மா எனக்கு!" டிங். "'ஒவ்வொரு அறையின் ஜன்னலையும், ஜன்னலுக்கு வெளியே தெரிவதையும்.' ஸ்டோர் ரூமும் வேணுமா? அங்கே பழைய அலமாரிதான் இருக்கு."

டிங்.

"வேணுமாம்! விடமாட்டேங்குது!"

டீச்சரின் செருப்புச் சத்தம் மேலே அறை அறையாக ஓடியது. கீழே எல்லாரும் தலையைத் தூக்கி அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தான்கூடக் கிண்டலை மறந்துவிட்டார். சின்னவளின் போனில் படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. வராண்டா ஜன்னல், வெளியே மரம். பெரிய ஹால் ஜன்னல், வெளியே மின்கம்பி. ஸ்டோர் ரூம் ஜன்னல்...

போன் அதிர்ந்தது. சின்னவள் படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு சத்தமாகப் படித்தாள்.

"'ஸ்டோர் ரூம் ஜன்னலுக்கு வெளியே ஒரு காரின் சக்கரம் தெரிகிறது. ஜன்னலும் சாலையும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் உள்ளன. கட்டடத்தின் பின்பக்கம் சாலை மேடாக இருக்கலாம். அந்தச் சுவரில் கதவு இருக்கிறதா என்று பாருங்கள்.'"

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை.

"மாடியில எப்படிக் கார் வரும்?" என்றான் நெட்டை.

அக்கா அதற்குள் ஓடிவிட்டாள்.

சின்னவளும் பின்னாலேயே ஓடினாள். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, முனை திரும்பி, பின்தெருவில் ஏற ஏற அவளுக்கே தெரிந்தது. தெரு மேடு! ஏறிக்கொண்டே போய், கட்டடத்தின் மாடி உயரத்துக்கு வந்துவிட்டது. முன்பக்கம் பார்த்தால் மாடி. பின்பக்கம் பார்த்தால் தரை!

சுவரில், சுண்ணாம்பு பூசி மறைந்துபோன ஒரு அகலமான மரக் கதவு. இரட்டைக் கதவு!

அக்கா அதைப் படபடவென்று தட்டினாள். "டீச்சர்! அலமாரியை நகர்த்துங்க! அந்த அலமாரிக்குப் பின்னாடி!"

உள்ளே என்னவோ உருண்டது, இழுபட்டது. தாழ்ப்பாள் முனகியது. முதலில் ஒரு கோடு வெளிச்சம். பிறகு தூசு படிந்த கண்ணாடியோடு டீச்சரின் முகம்.

"இது கதவா? அலமாரியோட பலகைன்னு நினைச்சேன்!"

அக்கா டீச்சரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அதே கையோடு திரும்பித் தெருமுனையைப் பார்த்துக் கத்திய கத்தல் நாலு தெருவுக்கும் கேட்டிருக்கும்.

"இறக்குங்கடா! லாரியைச் சுத்திட்டு வா!"

* * *

பெரியவரைத் திருப்பத்திலிருந்து மீட்டுக் கீழே இறக்குவதற்குத்தான் நேரம் பிடித்தது. அதற்கப்புறம் எல்லாம் விளையாட்டு மாதிரி நடந்தது. அத்தான் லாரியைப் பின்தெருவில் பின்னோக்கி ஏற்றினார். பலகை இறங்கியது. சக்கரத்தில் வைத்து உருட்டினார்கள். ஒரு படி இல்லை, ஒரு திருப்பம் இல்லை. பெரியவரின் வால் கதவைத் தாண்டவும் முதல் மழைத்துளி நெட்டையின் தலையில் விழவும் சரியாக இருந்தது.

கால்களை மாட்டி நிமிர்த்தினார்கள். டீச்சர் நின்றபடியே ஒரு கட்டையை அழுத்தினார். 'ணங்' என்று ஹால் முழுக்க ஒரு சத்தம். எல்லாரும் கை தட்டினார்கள். அழுததென்னவோ டீச்சர் மட்டும்தான்.

நீல லாரிக்காரர் சின்னவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாப்பா, அந்த லிஸ்ட் போடுற வேலையெல்லாம் எனக்கு வேண்டாம். என் பையனே உட்கார்ந்து போட்டுடுவான். அந்த மாமியார் இருக்காங்கள்ல, அவங்களை மட்டும் தனியாத் தருவியா?"

சின்னவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. எதை மறைத்து வைத்தாளோ, அதையே கேட்கிறார்!

"இருங்கண்ணே, இருங்க," என்று அத்தான் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டே குறுக்கே வந்தார். "அதுக்கு எதுக்கு ஆப்? இங்கே பாருங்க." போனில் ஒரு வரி சொன்னார். 'இனிமே நான் வீடு மாத்துறதைப் பத்திக் கேட்டா, முதல்ல புது இடத்தோட வழி, ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே எல்லாத்துக்கும் படம் கேளு.' பிறகு சும்மா ஒரு கேள்வி கேட்டார். வாத்தியார் உடனே, "முதலில் புது இடத்தின் படிக்கட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள்," என்றார்.

"பார்த்தீங்களா? இவ பண்ணின வேலை மொத்தமும் என்னோட ஒரு வரி!"

நீல லாரிக்காரர் அந்தப் போனைப் பார்த்தார். இந்தப் போனைப் பார்த்தார். தாடையைச் சொறிந்தார்.

சின்னவள் முகம் ஒரு கணம் விழுந்தது. ஆனால் இந்தத் தடவை பதில் எங்கோ பக்கத்திலேயே இருந்தது. தேடி எடுத்துவிட்டாள்.

"அத்தான், அந்த வரியைக் காலையிலயே சொல்லியிருக்கலாமே?"

"காலையில யாருக்குத் தோணுச்சு?"

"அதைத்தான் சொல்றேன். சரி, தோணியிருந்தாலும் வாத்தியார் படம் கேட்கிறது யார்கிட்ட?"

"என்கிட்ட."

"நீங்க அப்போ எங்கே இருந்தீங்க?"

அத்தான் பியானோவைத் திரும்பிப் பார்த்தார்.

"பியானோவுக்கு அடியில," என்று நெட்டை எடுத்துக் கொடுத்தான்.

"மேல போக வழியே இல்லை. மேல இருந்தது டீச்சர் ஒருத்தர்தான். அவங்களைப் போய்க் கேட்டது யாரு? அவங்க வேற வழியே இல்லைன்னு சத்தியம் பண்ணினப்புறமும் விடாம ஸ்டோர் ரூமுக்குள்ள அனுப்பினது யாரு?" சின்னவளுக்குப் பேசப் பேச மூச்சு வாங்கியது. "படத்துல கார்ச் சக்கரத்தைப் பார்த்தது வாத்தியார்தான். அதை நான் என்னுதுன்னு சொல்லவே மாட்டேன். நீங்க சொன்ன சட்டை கூட நெசம்தான். பாதி ஆப் வெறும் சட்டை. இன்னிக்கே அதைக் கழட்டிப் போட்டுடறேன். ஆனா அந்தப் படம் அவர் கண்ணு முன்னாடி வரணும்ல அத்தான்? வர வைக்கிற வேலையை அவர் செய்யலையே."

மழை ஜன்னலில் அடித்தது. அத்தான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாத்தியார் ஒண்ணு, மாமியார் ஒண்ணு," என்றார். "மேட்ச் டிரா."

"அத்தான்!"

"சரிடி, சரி. மாமியாருக்கு ரெண்டு."

நீல லாரிக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு நம்பரை எடுத்துக் கொடுத்தார். "நாளைக்குக் காலையில நான் ஒரு மீன் கடையை மாத்துறேன். அலங்கார மீன். ஆள் உயரத் தொட்டி எல்லாம் இருக்கு. கடைக்காரர் போன் எடுத்தா அரை மணி நேரம் மீனைப் பத்தியே பேசுவார், வழியைச் சொல்லமாட்டார். உன் மாமியாரை அவர்மேல ஏவிவிடு, பார்க்கலாம்."

சின்னவள் அந்த நம்பரை அங்கேயே நின்று ஆப்பில் போட்டாள். பிறகு பழைய ஆபீஸின் செய்தியைத் திறந்தாள். 'வரேன்' என்பதை அழித்தாள். 'வரலை. நாற்காலியை வேற யாருக்காவது கொடுத்துடுங்க,' என்று அடித்து, யோசிக்க நேரம் கொடுக்காமல் அனுப்பிவிட்டாள்.

கால் தரையில் பாவவில்லை. மழையில் நனைந்துகொண்டே லாரிக்கு ஓடினாள்.

* * *

லாரியின் முன்சீட்டில் அக்கா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். கதவைப் பிடித்து ஏறின பிறகுதான் சின்னவள் கவனித்தாள். இவ்வளவு நேரம் ஊரையே கூட்டிக் கத்தின அக்கா, ஒரு வார்த்தை பேசவில்லை. வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பார்த்தியா? நீல லாரிக்காரரே கேட்டுட்டார்!"

"பார்த்தேன்."

"சந்தோஷமா இல்லையா உனக்கு?"

"மாமியார்னு சொன்னாரே, அது யாரு?" அக்கா திரும்பினாள். "அந்தக் கேள்வி எல்லாம் யாரோடது?"

சின்னவளுக்குச் சட்டென்று சிரிப்பு அடங்கியது.

"உன்னோடதுக்கா."

"எத்தனை வருஷம் கத்திக் கத்திச் சேர்த்தது தெரியுமா? ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாடியும் ஒரு பீரோ உடைஞ்சிருக்கு. மூணு லாரி வெச்சுக்கிட்டு நான் ஆறு லாரிக்காரரோட முட்டி மோதி நிக்கிறேன்னா, அதனாலதான் நிக்கிறேன். அதைத் தூக்கி அவர் கையிலயே கொடுக்கப் போறே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீதானேக்கா பிடிச்சிருந்தா போட்டுக்கோங்கன்னு சொன்னே?"

"நான் லிஸ்ட் போடுற ஆப்பைச் சொன்னேன்டி. என்னைச் சொல்லலை."

டிரைவர் சீட்டில் அத்தான் சாவியைத் திருப்பப் போனவர், திருப்பாமல் வைத்துக்கொண்டார். இந்த வீட்டில் எப்போது வாயை மூட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

அக்கா சொல்வதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஆப்பில் மதிப்பு இருக்கிறது என்று ஊர் முன்னால் நிரூபித்தாயிற்று. அந்த மதிப்பு யாருடையது என்று சின்னவள் இதுவரை யோசித்ததே இல்லை. பழைய ஆபீஸுக்கோ 'வரலை' என்று அனுப்பியாகிவிட்டது.

"இப்போ என்னக்கா பண்ணட்டும்? வேண்டாம்னு சொல்லிடவா?"

அக்கா கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தாள்.

டிங்.

மீன் கடைக்காரர் முதல் படம் அனுப்பியிருந்தார். சின்னவள் போனைக் கவிழ்த்து வைக்கப் போனாள். அதற்குள் அக்காவின் கண் அதில் விழுந்துவிட்டது. புதுக் கடையின் உள்பக்கம். மரப்பலகைத் தரை. நடுவில் சாக்பீஸால் தொட்டி வைக்கிற இடத்துக்குக் கட்டம் போட்டிருந்தார்.

அக்கா பார்க்காத மாதிரி வெளியே திரும்பிக்கொண்டாள். மறுபடி பார்த்தாள். கை தானாக வந்து போனைப் பிடுங்கியது.

"ஐயையோ, ஆள் உயரத் தொட்டியை இந்தப் பலகை மேலயா வைக்கப்போறார்? தண்ணி ஊத்தினா என்ன கனம் கனக்கும்! தரைக்கு அடியில என்ன இருக்குன்னு படம் எடுக்கச் சொல்லுடி முதல்ல!"

சொல்லி முடித்தபிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அத்தான் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார்.

"சிரிக்காதீங்க!" என்றாள் அக்கா. பிறகு போனைத் தங்கையின் மடியில் போட்டாள். "அந்தக் கேள்வி புதுசு. இப்பத்தான் எனக்கே தோணுச்சு. அதை நீல லாரியில போடுறதா, நம்ம லாரியிலயே வெச்சுக்கிறதான்னு நீயே முடிவு பண்ணு."

மீன் கடைக்காரர் அங்கே அடுத்த கேள்விக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நாளைக் காலை அந்தப் பலகையின் மேல்தான் தொட்டி இறங்கப்போகிறது.

புதுக் கேள்வியை அடித்து முடித்த சின்னவளின் கட்டைவிரல், அதை மீன் கடைக்காரருக்கு அனுப்புகிற டிக் மார்க்குக்கு மேலே அப்படியே நின்றது.